தலைக்கு மேல ஒரு தூக்கணாங்குருவிக் கூடு

ஒரு ரெஸ்டாரண்ட்ல உட்கார்ந்து நெய் ரோஸ்ட்டைப் பிச்சுக்கிட்டு இருக்கீங்க. உங்க தலைக்கு மேல 38 கிலோ கயிறும் கம்பியும் தொங்குது. நீங்க நிமிர்ந்து பார்த்து "வாவ்"னு ஒரு போட்டோ எடுத்துட்டு மறுபடி சட்னியைத் தொடுவீங்க. அது ஏன் கீழே விழலைன்னு யோசிக்கவே மாட்டீங்க. யோசிக்கவும் கூடாது. யோசிக்க வேண்டியது அதைச் செஞ்சவங்க வேலை.

போன செமஸ்டர் லீவுல நான் அந்த வேலையில கொஞ்சம் பங்கு எடுத்துக்கிட்டேன். என் பெரியம்மா பொண்ணு ஒரு ஃபைபர் ஆர்ட்டிஸ்ட். கயிறு, நூல், நார் இதையெல்லாம் முடிச்சுப் போட்டு, பின்னி, சுத்தி சிற்பம் செய்யறாங்க. கோயம்புத்தூர்ல புதுசா திறக்கப்போற ஒரு ரெஸ்டாரண்ட்ல இருந்து அக்காவுக்கு ஆர்டர் வந்தது. "நீ டெக்ஸ்டைல் தானே படிக்கிறே, வா, படிச்சது ஏதாவது உதவுதான்னு பாப்போம்"னு கூப்பிட்டாங்க. மூணு வருஷமா நான் மனப்பாடம் பண்ணி எழுதின சப்ஜெக்ட் எல்லாம் ஒரு ஹால்ல தொங்கும்னு அப்ப எனக்குத் தெரியாது.

ஃபைபர் ஸ்கல்ப்சர்னா என்னன்னு முதல்ல சொல்லிடறேன். நம்ம ஊர்ல "ஃபைபர் சிலை"ன்னா ஃபைபர் கிளாஸ்ல வார்த்த பொம்மைன்னுதான் நினைப்பாங்க. துணிக்கடை வாசல்ல நிக்குமே, அது. இது அது இல்லை. இங்க ஃபைபர்னா நார்: பருத்தி, சணல், தென்னை மஞ்சி, வாழைநார். கல்லைச் செதுக்கும்போது தேவையில்லாததை எடுத்துட்டே போவீங்க. இதுல ஒவ்வொரு முடிச்சா சேர்த்துட்டே போகணும். தப்புப் பண்ணினா அவிழ்த்துக்கலாம்ங்கிறது ஒரு வசதி. எப்பவும் இல்லை, ஆனா பெரும்பாலும்.

இந்த மாதிரி வேலைக்கு இந்தியாவுல பெரிய பேர் மிருணாளினி முகர்ஜி. 1949ல பம்பாயில பிறந்தவங்க, பரோடாவுல கே.ஜி. சுப்ரமணியன் கிட்ட படிச்சவங்க. சாயம் போட்ட தடிமனான கயிற்றைக் கையாலேயே முடிச்சுப் போட்டுப் போட்டு ஆள் உயரத்துக்குச் சிற்பம் செஞ்சாங்க. பார்த்தா பூவா, மரமா, சாமியான்னு தெரியாது, மூணும் மாதிரி இருக்கும். 2015ல இறந்துட்டாங்க. 2019ல நியூயார்க்ல மெட் மியூசியம் அவங்களுக்குத் தனிக் கண்காட்சியே வெச்சது.

இன்னொருத்தர் கதை நம்ம மாமல்லபுரத்துலயே நடந்தது. ஜேனட் எக்கல்மேன்னு ஒரு அமெரிக்க ஓவியர் 1997ல ஃபுல்பிரைட்ல இந்தியா வந்தாங்க. ஓவியக் கண்காட்சி வைக்கறதா ஒத்துக்கிட்டாங்க, ஆனா கப்பல்ல அனுப்பின பெயிண்ட் எல்லாம் வந்து சேரவே இல்லை. வெண்கலத்துல செய்யலாம்னு பார்த்தா எடையும் செலவும் கட்டுப்படி ஆகலை. சாயங்காலம் பீச்ல மீனவங்க வலையைச் சுருட்டிக் குவிக்கறதைப் பார்த்து, எடையே இல்லாம இவ்ளோ பெரிய உருவமான்னு தோணியிருக்கு. அந்த மீனவங்களோட சேர்ந்தே முதல் வலைச் சிற்பங்களைச் செஞ்சாங்க. இப்ப உலகத்துல பல ஊர்கள்ல கட்டடங்களுக்கு நடுவுல அவங்க வலைகள் தொங்குது. அதுக்குள்ள இருக்கிறது எடைக்கு எடை எஃகை விடப் பல மடங்கு வலிமையான பாலிஎத்திலீன் இழை. நம்ம டிபார்ட்மென்ட்ல டெக்னிக்கல் டெக்ஸ்டைல்ஸ்னு ஒரு எலெக்டிவ் இருக்கே, யாருமே எடுக்க மாட்டாங்களே, அதுல இது வரும்.

சரி, நம்ம கதைக்கு வர்றேன்.

ஓனர் கேட்டது "ஏதாவது நேச்சர் தீம்"

ஓனர் நல்ல மனுஷன். ஆனா அவருக்கு என்ன வேணும்னு அவருக்கே தெரியலை. போன்ல 40 படம் வெச்சிருந்தார். பாதி பாலித்தீவு ரிசார்ட்ல எடுத்தது. "இந்த மாதிரி, ஆனா நம்ம ஊரு மாதிரி, ஏதாவது நேச்சர் தீம்மா." அக்கா அந்தப் படங்களைப் பத்தி ஒண்ணுமே பேசலை. "சார், உங்களுக்கு எந்த ஊருங்க? தோட்டம் இருந்துச்சுங்களா?"ன்னு ஆரம்பிச்சாங்க. கால் மணி நேரத்துல அவர் அப்பாவோட கிணறு, கிணத்து மேல சாய்ஞ்சிருந்த தென்னை, அதுல வரிசையாத் தொங்கின தூக்கணாங்குருவிக் கூடு எல்லாம் வந்துடுச்சு. அவரோட ஆத்தா, குருவி மின்மினிப் பூச்சியைக் களிமண்ல ஒட்டி வெச்சு வீட்டுக்கு விளக்கு ஏத்துதுன்னு கதை சொல்லுமாம். அக்கா நோட்டுல ஒரே வரி எழுதினாங்க: "கூடு, உள்ள வெளிச்சம்."

அன்னைக்கு ராத்திரி ரெண்டு பேரும் தூக்கணாங்குருவியைப் பத்திப் படிச்சோம். படிக்கப் படிக்க எனக்கு வெட்கமா இருந்தது. மூணு வருஷம் டெக்ஸ்டைல் டெக்னாலஜி படிச்ச எனக்குத் தெரிஞ்ச பின்னலை விட அதுக்கு அதிகம் தெரியுது. கட்டறது ஆண்குருவி. நெல் தாள், புல், ஓலை இதையெல்லாம் அலகால 20ல இருந்து 60 செ.மீ. நீளத்துக்குக் கிழிச்சுட்டு வரும். முதல்ல கிளையில சுத்தி முடிச்சுப் போடும், அப்புறம் ஒரு வளையம், அப்புறம் தலைக்கவசம் மாதிரி பாதிக் கூடு. இந்தப் பாதிக்கே சுமார் 8 நாள் ஆகும். அங்க வேலையை நிறுத்திடும். இறக்கையை அடிச்சுப் பெண்குருவியைக் கூப்பிடும். பெண்குருவி வந்து உள்ள போய், ஆட்டிப் பார்த்து, பிடிச்சிருந்தாதான் மீதி. ஆண்குருவி முட்டை அறையும் நீளக் குழாய் வாசலும் கட்டி முடிக்கும். மொத்தம் 18 நாள் போல. பிடிக்கலைன்னா அந்தக் கூடு பாதியிலேயே தொங்கும்.

அதாவது சாம்பிளை கிளையன்ட் ஓகே பண்ணாம முழு வேலையில இறங்கறதில்லை. அக்கா இதைப் படிச்சுட்டு, "இது தெரியாம முதல் மூணு ஆர்டர்ல நான் ஏமாந்தேன்டி"ன்னாங்க.

உள்ள களிமண் ஒட்டறது உண்மைதான். காத்துல ரொம்ப ஆடாம இருக்க எடைக்காகன்னு ஒரு விளக்கம் இருக்கு. மின்மினி மட்டும் கதை. ஆனா நல்ல கதை, அதனால அதையும் டிசைன்ல வெச்சுக்கிட்டோம்: கூட்டுக்குள்ள சின்னச் சின்ன எல்.இ.டி. விளக்கு, மஞ்சள் வெளிச்சம்.

கயிற்றுக்கும் கணக்கு உண்டு

அக்கா முதல்ல பத்துல ஒரு பங்கு அளவுல ஒரு மாடல் செஞ்சாங்க. பெரிய கூடு ஒண்ணு, சுத்தி சின்னக் கூடு ஆறு. பெரியதோட உயரம் 2.4 மீட்டர், அகலமான இடத்துல 1.1 மீட்டர். ஓனர் பார்த்து, சுத்திச் சுத்திப் பார்த்து, தலையாட்டினார். பாதி அட்வான்ஸ் வந்தது.

அப்புறம்தான் கணக்கு. உள்ள ஒரு கம்பிச் சட்டம் வேணும். வளையங்களும் நெடுக்குக் கம்பிகளும் சேர்த்து 23 மீட்டர் வந்தது. சிவில்காரங்களுக்கு இது மனப்பாடம், மத்தவங்களுக்காகச் சொல்றேன்: கம்பியோட விட்டத்தை மி.மீ.ல எடுத்து வர்க்கம் பண்ணி 162 ஆல் வகுத்தா, ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோன்னு வரும். 8 மி.மீ. கம்பின்னா 0.395 கிலோ, 23 மீட்டருக்கு 9 கிலோ. 6 மி.மீ.ன்னா 0.222 கிலோ, மொத்தமே 5.1 கிலோ. வெல்டிங் பட்டறை அண்ணன் 8தான் போடணும்னு அடம் பிடிச்சார். அவர் கேட்டுக்கே 16 மி.மீ. போடறவர். 6 மி.மீ. கம்பியில வளையம் செஞ்சு நாலு பக்கம் நெடுக்குக் கம்பி பத்த வெச்சதும் அது ஒரு கூண்டு மாதிரி விறைப்பாயிடுச்சு. விறைப்பு கம்பியோட தடிமன்ல மட்டும் இல்லை, வடிவத்துலயும் இருக்கு.

அடுத்து கயிறு. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு கயிறு மில்லுக்குப் போனோம். அங்க இருந்த பெரியவர், "என்னங் அம்மணி, கெணத்துக்கா, பந்தலுக்கா?"ன்னு கேட்டார். ரெண்டும் இல்லைங்க, குருவிக் கூட்டுக்குன்னோம். ஒரு நிமிஷம் எங்க மூஞ்சியவே பார்த்தார். அப்புறம் தேடித் தேடி, சுணை கம்மியா, ஒரே சீரா முறுக்கின 8 மி.மீ. கயிறா எடுத்துக் கொடுத்தார். முத்தின தேங்காய் மட்டையில வர்ற பழுப்பு மஞ்சி அது. லிக்னின் நிறைய இருக்கறதால விறைப்பா இருக்கும், சீக்கிரம் மக்காது. கேரளக் காயல்ல பச்சை மட்டையை மாசக்கணக்குல ஊறப்போட்டு எடுக்கற வெள்ளை மஞ்சி இன்னும் மென்மை. ஆனா எங்களுக்குக் குருவிக் கூட்டு நிறமே போதும்.

கயிறு எத்தனை மீட்டர் வேணும்? இதுல நான் ஒரு தடவை தப்பு விட்டேன். மேக்ரமேல செஞ்சு முடிக்கிற நீளத்துக்கு 4 மடங்கு கயிறு எடுங்கன்னு ஒரு பொது விதி உண்டு. நான் அதைப் போட்டேன். அக்கா சிரிச்சாங்க. நாங்க செய்யறது மேக்ரமே இல்லை, கூடை பின்ற மாதிரி சுருள் சுத்தறது. அதுக்குக் கணக்கு வேற. கூட்டோட பக்கவாட்டு வளைவு நீளம் 2.6 மீட்டர். 8 மி.மீ. கயிறை நெருக்கி நெருக்கிச் சுத்தினா 325 சுத்து. சராசரி சுற்றளவு 2.2 மீட்டர்னு வெச்சா 715 மீட்டர். ஒரு மீட்டர் வெட்டி எடை போட்டோம், 32 கிராம். ஆக கயிறு மட்டும் 23 கிலோ. ரொம்ப அதிகம். அதனால ஒவ்வொரு சுத்துக்கும் நடுவுல 4 மி.மீ. இடைவெளி விட்டோம். சுத்து 217 ஆச்சு, 477 மீட்டர், 15 கிலோ சொச்சம். எடையைக் குறைக்க விட்ட அந்த இடைவெளி வழியாத்தான் இப்ப வெளிச்சம் கசிஞ்சு வருது. போட்டோ எடுக்கறவங்க எல்லாம் அந்த வெளிச்சத்தைத்தான் பாராட்டறாங்க. அது ஒரு எடைப் பிரச்சினைன்னு நாங்க யார்கிட்டயும் சொல்றதில்லை.

நாருக்கு இன்னொரு குணம் இருக்கு, தண்ணி குடிக்கும். எங்க பாடத்துல "மாய்ஸ்சர் ரீகெய்ன்"னு வரும். முழுக்கக் காய வெச்ச 100 கிலோ சணலை சாதாரண ஈரப்பதக் காத்துல வெச்சா 13.75 கிலோ தண்ணியை இழுத்துக்கும். பருத்தி 8.5 கிலோ. பாலியஸ்டர் 0.4தான். மூணாவது செமஸ்டர்ல இந்த டேபிளை எதுக்குன்னே தெரியாம எழுதினேன். எதுக்குன்னா, ஐப்பசி மழையில உங்க சிற்பம் குண்டாகும், அதுக்குத்தான். தொங்கவிடற கம்பியைக் கோடைக்காலத்து எடையை வெச்சுத் தேர்ந்தெடுக்கக்கூடாது.

பின்றதுக்கு நானும் அக்காவும், கூட பக்கத்து வீதியில ஒயர் கூடை போடற ரெண்டு அக்காங்களும். ரெண்டு பேருக்கும் நாள் கூலி 500 ரூபாய். அவங்க கை வேகத்துக்கு என் கை பாதி கூட வரலை. முதல் நாள் என் கட்டைவிரல் தோல் உரிஞ்சுபோச்சு, மஞ்சி அப்படி அறுக்கும். "மஞ்சள் வெச்சுக்க கண்ணு"ன்னு ஒரு அக்கா தேச்சுவிட்டாங்க. 26 நாள் ஆச்சு. குருவி தனியா 18 நாள்ல முடிக்குது, ஆனா அதுகிட்ட போன் இல்லை.

நெருப்பு

ரெஸ்டாரண்ட்னா அடுப்பு, மெழுகுவர்த்தி, பிறந்தநாள் கேக்ல வைக்கற அந்தப் பொறி பறக்கற மத்தாப்பு. மேல காய்ஞ்ச நார். இதை நினைச்சாலே எனக்குத் தூக்கம் போயிடும். ஒரு பொருள் தொடர்ந்து எரிய காத்துல குறைஞ்சது எத்தனை சதவீதம் ஆக்சிஜன் வேணும்னு ஒரு அளவு இருக்கு, லிமிட்டிங் ஆக்சிஜன் இண்டெக்ஸ். பருத்திக்கு 18 போல. நம்மளைச் சுத்தி இருக்கற காத்துல 21 இருக்கு. அதாவது பத்திக்கிட்டா அதுவா அணையாது. கம்பளிக்கு 25, அதனால அது எரிய யோசிக்கும். சணலும் மஞ்சியும் பருத்தி கட்சிதான்.

நாங்க பண்ணினது பழைய முறை: போராக்ஸ் 7 பங்கு, போரிக் ஆசிட் 3 பங்கு. 10 லிட்டர் வெந்நீருக்கு 700 கிராம், 300 கிராம். பச்சைத் தண்ணியில போராக்ஸ் சரியாக் கரையாது. கையுறை, மாஸ்க் கட்டாயம், இது சமையல் சோடா மாதிரி விளையாடற பொருள் இல்லை. கயிறை ஊறவெச்சு மொட்டை மாடியில காய வெச்சோம். காய்ஞ்சதும் மேல வெள்ளையாப் பூத்துடுச்சு, உப்பளம் மாதிரி. பிரஷ் போட்டுத் தேய்ச்சு எடுக்கவே ரெண்டு நாள். பின்னின அப்புறம் முக்கியிருந்தா அந்த ஈரம் கம்பியைத் துருப்பிடிக்க வெச்சிருக்கும். அதனாலதான் கயிறுக்குத் தனியா ட்ரீட்மெண்ட், கம்பிக்குத் தனியா பவுடர் கோட்டிங், அப்புறம்தான் பின்னல்.

டெஸ்ட் நாங்களே பண்ணினோம். ஒரு துண்டுக் கயிறைச் செங்குத்தாத் தொங்கவிட்டு அடியில 12 விநாடி நெருப்பு காட்டணும். சும்மா இருந்த கயிறு மேல வரைக்கும் எரிஞ்சு ஏறிடுச்சு. ஊறவெச்சது, தீக்குச்சியை எடுத்ததும் அணைஞ்சு கொஞ்ச தூரம் கருகி நின்னுச்சு. இது லேப் சர்டிஃபிகேட்டுக்குச் சமம் இல்லை, அதனால ஒரு சாம்பிளை லேபுக்கும் அனுப்பினோம். இன்னொரு விஷயம், இந்த உப்பு தண்ணியில கரைஞ்சு போயிடும். கூட்டை யாராவது தண்ணி அடிச்சுக் கழுவினா அன்னையோட பாதுகாப்பு முடிஞ்சது. ஓனருக்கு ஒரு ஏ4 தாள்ல பெரிய எழுத்துல எழுதிக் கொடுத்திருக்கோம்: "நனைக்காதீர்கள்."

உப்பு ஏறினதுல எடையும் ஏறிடுச்சு. முன்னாடி மொத்தம் 35 கிலோ, அப்புறம் 38.

சத்தத்தைப் பத்தி ஒரு சின்ன இடைச்செருகல். ஓனர் ரொம்ப ஆசையா, "இந்தக் கூடு சவுண்டை எல்லாம் இழுத்துக்கும்ல?"ன்னு கேட்டார். ஹால் 12 மீட்டர் நீளம், 8 அகலம், 6 உயரம், தரை கிரானைட், ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடி. ஒருத்தர் சத்தமாப் பேசினா அடுத்தவர் அதை விடச் சத்தமாப் பேசுவாங்க, அப்படியே ஏறும். சபைன் சூத்திரப்படி கன அளவை 0.161 ஆல் பெருக்கி, சத்தத்தை உறிஞ்சற மொத்தப் பரப்பால வகுத்தா, எதிரொலி அடங்க எத்தனை விநாடின்னு வரும். உறிஞ்சற பரப்பு ஒரு 40 சதுர மீட்டர்னு வெச்சா 2.3 விநாடி. அதை 1.2 விநாடிக்குக் கொண்டு வர இன்னும் 37 சதுர மீட்டர் வேணும். எங்க ஏழு கூட்டோட மொத்தப் பரப்பே 8 சதுர மீட்டர். அதுவும் முழுசா உறிஞ்சாது. "சார், இது அழகுக்கு. சத்தத்துக்குச் சீலிங்ல தனியா பேனல் போடுங்க"ன்னு அக்கா சொல்லிட்டாங்க. ஆமான்னு சொல்லியிருந்தா இன்னும் 20,000 கேட்டிருக்கலாம். நான் கேட்டிருப்பேன்.

தொங்கவிடறது

இதுக்குத்தான் இந்தக் கட்டுரையையே எழுதறேன்.

பெரிய கூடு மட்டும் 27 கிலோ. அதுக்கு மூணு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிக் கயிறு, 3 மி.மீ. தடிமன். ஒண்ணொண்ணும் 500 கிலோவுக்கு மேல இழுத்தாத்தான் அறும். அப்புறம் எதுக்கு மூணுன்னு கேக்கலாம். தலைக்கு மேல தொங்கற பொருளுக்கு "போதும்"ங்கிற கணக்கே கிடையாது, ஒண்ணு போனாலும் மத்த ரெண்டு தாங்கணும்.

ஓனருக்கு அந்தக் கம்பிகள் ஹாலோட மூலைக்கு மூலை அகலமாப் போகணும்னு ஆசை, மிதக்கற மாதிரி இருக்குமாம். வீட்டுல சேலை காயப் போடற கொடியை நினைச்சுக்கோங்க. எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் ஈரச் சேலை போட்டதும் நடுவுல தொய்யும். தொய்யவே கூடாதுன்னு இழுக்க இழுக்க ஆணி பிடுங்கிட்டு வரும். ரெண்டு கம்பி, கிடைமட்டத்துல இருந்து 30 டிகிரின்னா ஒவ்வொரு கம்பியிலயும் முழு எடையும் வரும். 10 டிகிரின்னா கிட்டத்தட்ட 2.9 மடங்கு. ஃபர்ஸ்ட் இயர் மெக்கானிக்ஸ். அதனால நாங்க ஏறக்குறைய நேராவே தொங்கவிட்டோம்.

கம்பி பிரச்சினையே இல்லை. பிரச்சினை அது மாட்டற இடம். கான்ட்ராக்டர் சூப்பர்வைசர் முதல்ல, "கயிறுதானுங்க, ஃபால்ஸ் சீலிங் சேனல்லயே மாட்டிடலாம்"னார். ஜிப்சம் போர்டைப் பிடிக்கற தகரம் அது. முடியாதுன்னோம். அப்புறம் கான்கிரீட்லயே 10 மி.மீ. ஆங்கர் அடிச்சுக் கொடுத்தாங்க. திறப்பு விழா வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை ராத்திரி மூணு கம்பியிலயும் சேர்த்து ஒரு வளையத்துல 25 கிலோ அரிசி மூட்டை மூணு கட்டித் தொங்கவிட்டோம், 75 கிலோ. ஒவ்வொரு ஆங்கர் தண்டுலயும் சீலிங்கை ஒட்டி பென்சில்ல ஒரு கோடு போட்டேன். 24 மணி நேரம் இருக்கட்டும்னு வீட்டுக்குப் போனோம்.

செவ்வாய்க் காலையில சாரத்துல ஏறிப் பார்த்தா ரெண்டாவது ஆங்கரோட கோடு சீலிங்ல இருந்து 4 மி.மீ. கீழ இருந்தது.

நாலு மில்லிமீட்டர். கீழ இருந்து பார்த்தா யாருக்கும் தெரியாது. காரணம் அப்புறம் தெரிஞ்சது: பழைய கட்டடம், அந்த இடத்துல எப்பவோ சீலிங் பெயர்ந்து பேட்ச் பூசியிருக்காங்க. 60 மி.மீ. உள்ள போன ஆங்கர்ல முக்கால்வாசி பூச்சுக்குள்ளேயே நின்னுடுச்சு. கான்கிரீட்டை அது சரியாப் பிடிக்கவே இல்லை.

ஓனர் வந்தார். புதன்கிழமை சாயங்காலம் ஃபுட் வ்லாகர்ஸ் வர்றாங்க, கூடு இல்லாம ஹால் மொட்டையா இருக்கும்னார். "மத்த ரெண்டு ஆங்கர் ஸ்ட்ராங்தானே? நீங்களே ஒண்ணு போனாலும் தாங்கும்னீங்க. ஒரு நாள் மாட்டுங்க, வியாழக்கிழமை சரி பண்ணிக்கலாம்." சரியான பாயின்ட்தான், என்கிட்ட அதுக்குப் பதில் இல்லை. 75 கிலோவுக்கு மத்த ரெண்டும் நின்னுச்சே, 27 கிலோ கூட்டுக்கு நிக்காதான்னுதான் எனக்கும் தோணுச்சு. அக்கா கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. அப்புறம், "சார், அந்த ரெண்டையும் அதே ஆளுதான் அடிச்சார், அதே சீலிங்ல. ஒண்ணு பூச்சுல நின்னுச்சுன்னா மத்ததும் எதுல நிக்குதுன்னு எனக்கு இப்பத் தெரியாது. தெரியாம மாட்ட மாட்டேனுங்க"ன்னாங்க.

அவர் கோபமா வெளிய போயிட்டார். மீதிப் பணம் வராதுன்னு நாங்க ரெண்டு பேரும் நினைச்சோம். கேட்டது 1,40,000, பேசி முடிச்சது 1,10,000. கயிறு, வெல்டிங், ஆங்கர், விளக்கு, கூலி, சாரம், டெம்போ எல்லாம் சேர்த்து அதுவரைக்கும் 68,000 கையை விட்டுப் போயிருந்தது. கடைசித் தவணை 22,000. அக்காவோட ரெண்டு மாச உழைப்புல பாதி அதுதான்.

அன்னைக்கு ராத்திரி மூணு இடத்துலயும் பூச்சைச் சுரண்டி, கான்கிரீட் தெரியற வரைக்கும் போய், கொஞ்சம் தள்ளிப் புதுசாத் துளை போட்டு, நீளமான ஆங்கர் அடிச்சோம். மறுபடி அரிசி மூட்டை. வ்லாகர்ஸ் வந்தப்ப ஹால் நடுவுல மூணு பொன்னி அரிசி மூட்டை தொங்கிட்டு இருந்தது. கீழ கயிறு கட்டி யாரும் வராத மாதிரி தடுத்து வெச்சிருந்தோம். ஒரு பையன் அதையும் வீடியோ எடுத்துட்டுப் போனான், "யுனீக் டெக்கார்"னு.

புதன் ராத்திரி ஏறிப் பார்த்தோம். மூணு கோடும் அசையலை. சின்னக் கூடு ஆறுக்கும் தனித்தனியா 10 லிட்டர் தண்ணி கேன் மாட்டிப் பார்த்தோம், அதுவும் சரி. விடியறதுக்குள்ள எல்லாத்தையும் ஏத்திட்டோம். கம்பிக் கயிறை மடிச்சுக் கிளிப் போடறதுல ஒரு விஷயம் கவனிங்க: கிளிப்போட யு வடிவக் கம்பி வெட்டுப்பட்ட குட்டை முனைப் பக்கம் வரணும், தட்டையான அடிப்பகுதி எடை தாங்கற நீளக் கம்பிப் பக்கம். மாத்திப் போட்டா யு கம்பி எடை தாங்கற கயிறையே நசுக்கிடும். சாரத்து மேல விடிகாலை 3 மணிக்குத் தூக்கக் கலக்கத்துல நான் ரெண்டு கிளிப்பை மாத்தித்தான் போட்டிருந்தேன். அக்கா போன் டார்ச் அடிச்சு ஒவ்வொண்ணாப் பார்த்துக் கழட்டி மாட்டினாங்க.

கடைசித் தவணை அஞ்சு வாரம் கழிச்சு வந்தது. ஓனர் ஃபோன்ல வேற எதுவும் சொல்லலை. ஆனா ரெண்டாவது பிராஞ்ச்சுக்கு ஆலமர விழுது மாதிரி ஏதாவது பண்ண முடியுமான்னு கேட்டிருக்கார், இந்தத் தடவை சீலிங் பூசறதுக்கு முன்னாடியே. எனக்குச் சம்பளம் 5,000 ரூபாயும் ரெண்டு பிரியாணியும்.

போன வாரம் ஃப்ரெண்ட்ஸோட அங்க சாப்பிடப் போனேன். ஏ.சி. காத்துல ஒரு சின்னக் கூடு மட்டும் மெதுவாச் சுத்திட்டே இருந்தது, ஒரு குட்டிப் பாப்பா அதுக்குள்ள குருவி இருக்கான்னு அப்பாவை நச்சரிச்சுட்டு இருந்தா. எல்லாரும் மெனு பார்த்துட்டு இருந்தாங்க. நான் போன் கேமராவை முழுசா ஜூம் பண்ணி ரெண்டாவது ஆங்கரோட பென்சில் கோட்டைத் தேடிட்டு இருந்தேன். அப்படியேதான் இருந்தது.